மௌனத்துக்கு ஒரு டெஸ்டிங்

கப்பல் கிளம்ப இன்னும் நாலு மாதம் இருந்தது. செல்வக்குமாரின் பெட்டி பொங்கல் முடிந்த மறுவாரமே திறந்துவிட்டது.

கே.கே. நகர் வீட்டுக் கூடத்தில், டி.வி.க்கும் சோபாவுக்கும் நடுவில் அது வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. தை மாதத்தில் வந்தவர்கள் யாரோ ஊருக்குக் கிளம்புகிறார்கள் என்று நினைத்தார்கள். மாசியில் வந்தவர்கள் யாரோ ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார்கள். சித்திரையில் அதைப் பற்றி யாரும் எதுவும் நினைப்பதில்லை. வீடு பெருக்க வரும் முத்துத்தாய் மட்டும் தினமும் அதைச் சுற்றிப் பெருக்கிவிட்டு, "சார், இதுக்குள்ளயும் ஒரு வாட்டி பெருக்கிரவா?" என்று கேட்பாள்.

செல்வக்குமார் பதில் சொல்வதில்லை. அவர் ஒரு கல்லூரி நூலகத்தில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே சுவரில் 'அமைதி' என்று ஒரு பலகை தொங்கியது. பலகையாவது ஒரு வார்த்தை சொல்கிறது, சார் அதுவும் சொல்வதில்லை என்பார்கள் மாணவர்கள். வீட்டிலும் அதே கதைதான். கையில் புத்தகம் இருந்தால் காலைக் காப்பிக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில் அவரிடமிருந்து வருவது 'ம்' ஒன்றுதான். அந்த 'ம்'மில் பதினாலு வகை உண்டு, எனக்கு எல்லாம் அத்துபடி என்பாள் ரோகிணி. அவள் அதைப் பெருமையாகச் சொல்கிறாளா, வேறு எப்படியாவது சொல்கிறாளா என்று அவர் யோசித்துப் பார்த்ததில்லை.

கப்பல் வந்த கதை இது. போன வருடம் அவருக்கு அறுபது முடிந்தது. அறுபதாம் கல்யாணம் நடத்தியே தீருவது என்று வரிந்து கட்டிக்கொண்டு நின்றவன் ரோகிணியின் தம்பி ஜெயபாண்டி. வில்லாபுரத்தில் மைக் செட் வைத்திருப்பவன். மண்டபம் பேசி, வாசலுக்கு எட்டுக் குழாய் ஸ்பீக்கர், உள்ளே நாலு பாக்ஸ் என்று காகிதத்தில் படமே போட்டுக் கொண்டுவந்துவிட்டான். செல்வக்குமார் அந்தப் படத்தைப் பார்த்தார். மறுநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்த் திருச்சியில் ஒரு சிநேகிதர் வீட்டில் நாலு நாள் உட்கார்ந்துவிட்டார். கல்யாணம் நின்றது. நார்வேயில் கடல் ஆராய்ச்சி வேலையில் இருக்கும் மகள் தமிழ்வாணி, அதற்குப் பதிலாக ஒரு கப்பலில் இரண்டு பேருக்கு இடம் போட்டுக் கொடுத்தாள். பெரிய கப்பல் இல்லை. மொத்தமே நாற்பத்தெட்டுப் பயணிகள். வட துருவத்துக்குக் கொஞ்சம் கீழே ஸ்வால்பார்ட் என்று ஒரு தீவுக்கூட்டம். பத்து நாள் அதைச் சுற்றிவரும். பனிக்கரடி தெரிந்தால் நிற்கும். தெரியாவிட்டால் ரப்பர் படகில் இறக்கிக் கரையில் நடக்க விடுவார்கள்.

மகள் அனுப்பிய பயணக் குறிப்பை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். அதில் கரடிப் பக்கமும் கடல்யானைப் பக்கமும் புதுசு போலவே இருந்தன. ஏழாம் நாள் பக்கம் மட்டும் ஓரம் மடங்கி நைந்திருந்தது. 'வானிலை இடம் கொடுத்தால், பனிப்பாறைகளுக்கு நடுவே படகின் எஞ்சினை அணைத்துவிட்டு இருபது நிமிடம் யாரும் பேசாமல் இருப்போம்' என்று அதில் ஒரு வரி. செல்வக்குமார் அதன் கீழே பென்சிலால் மெல்லியதாக ஒரு கோடு போட்டிருந்தார். மற்ற ஒன்பது நாளும் அவர் கணக்கில் அந்த இருபது நிமிடத்துக்கு வழிச்சாப்பாடு மாதிரி.

சித்திரை மாதம் முதல் வெள்ளிக்கிழமை, சாம்பார் ஊற்றிக்கொண்டே ரோகிணி சொன்னாள்.

"நான் கப்பலுக்கு வரலங்க."

அவர் தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"கொடைக்கானல் போனோமே, ஞாபகம் இருக்கா? எத்தன வளைவோ அத்தன வாந்தி. மலை கூட அப்பிடியே நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு. கப்பலு ஆடுமாம்ல. முட்டி வேற மடக்க முடியல. ரப்பர் படகுல என்னைய யாரு தூக்கிப் போடுவா?"

"ம்," என்றார் செல்வக்குமார். அது வருத்தத்துக்கான 'ம்'. உண்மையாகவே வருத்தம்தான். ஆனால் வருத்தத்தின் அடியில், யாரும் பார்க்காத இடத்தில், தனியாகப் போகும் ஒரு மனிதன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஐஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதனால பாண்டிய கூட்டிட்டுப் போங்க," என்றாள் ரோகிணி.

ஜன்னலோரத்து மனிதன் எழுந்து நின்றுவிட்டான்.

"எதுக்கு? ஒருத்தர் வரலன்னா அந்த இடத்துல வெளியாளப் போடுவாங்களாம். தமிழ்வாணி சொன்னா."

"முன்னப்பின்ன தெரியாத ஆளோட பத்து நாள் ஒரே ரூம்புல எப்பிடி இருப்பீங்க?"

"தெரியாத ஆளுன்னா பேச வேண்டியதில்லல்ல," என்றார் அவர்.

ரோகிணி கரண்டியைக் கீழே வைத்தாள். "தம்பிகிட்ட பாஸ்போர்ட் இருக்கு. மலேசியா கோயில் திருவிழாவுக்குப் போனப்ப எடுத்தது. தமிழ்வாணி திங்கக்கிழமைக்குள்ள பேரு குடுக்கணுங்கிறா. விசாவுக்கு நாள் ஆகுமாம். நான் அவன்கிட்ட லேசா காதுல போட்டு வச்சிருக்கேன்."

ஜெயபாண்டி காதில் எதையும் லேசாகப் போட முடியாது என்பது மதுரை அறிந்த விஷயம். சாயங்காலமே தெருமுனையில் பைக் சத்தம் கேட்டது. அதற்கும் முன்னால் அவன் குரல் கேட்டது.

"மச்சான்! கரடிய வெரட்ட வேட்டுப் போடுவாய்ங்களாமே! பத்தாதுன்னா சொல்லுங்க, நம்மகிட்ட நானூறு வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் சும்மா கெடக்கு!"

ஐம்பத்துமூன்று வயது. நெஞ்சு அகலமான ஆள். பக்கத்தில் இருப்பவரிடம் பேசும்போதும் மேடைக்குக் கீழே கடைசி வரிசையில் இருப்பவருக்குப் பேசுவதுபோலத்தான் பேசுவான். பை நிறையச் சாமான் வாங்கி வந்திருந்தான். குரங்குக் குல்லா ரெண்டு, மோர்மிளகாய் ஒரு பொட்டலம், சுக்குமல்லிப் பொடி, கம்பளிக் காலுறை, பூட்ஸ் ஒரு ஜோடி. எல்லாவற்றையும் பெட்டிக்குப் பக்கத்தில் கடை போட்டான். பிறகு பெட்டிக்குள் குனிந்து பார்த்தான்.

"என்ன மச்சான், அடியில பூராம் செங்கல் அடுக்கிருக்கீங்க?"

"புஸ்தகம்."

"எம்புட்டு?"

"ஆறு."

"பத்து நாளைக்கு ஆறா? அப்ப கடல எப்ப பாப்பீங்க?"

ரோகிணி அடுப்படியிலிருந்து, "கடலு புஸ்தகமா வந்தா பாப்பாரு," என்றாள்.

"சரி, பெட்டிக்குள்ள கெடக்கே, அந்தக் கோட்ட ஒரு தடவ போட்டுக் காட்டுங்க. டெஸ்ட் பண்ணிட்டீங்களா இல்லையா?"

டெஸ்டிங் என்பது ஜெயபாண்டியின் தொழில் தர்மம். எதையும் டெஸ்ட் பண்ணாமல் மேடை ஏற்றக் கூடாது என்பான். காலையில் விசேஷம் என்றால் முந்தின நாள் மத்தியானமே வயரை இழுத்து, ஒவ்வொரு குழாயாக நின்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். இப்போதும் விடவில்லை. மதுரை வெயில் நூற்றுநாலு டிகிரி. அந்த மாலையில் மச்சானுக்கு உள்ளே கம்பளி, நடுவில் கம்பளி, மேலே தொடை வரை தொங்கும் சிவப்புக் கோட்டு, தலையில் குரங்குக் குல்லா எல்லாவற்றையும் மாட்டிவிட்டு ஏ.சி.யைப் பதினாறில் வைத்தான். சரியாக அந்த நேரம் கரண்டு போனது.

"நல்லா இருக்கு மச்சான். கைய ஆட்டுங்க. நடந்து பாருங்க. குளிருதா?"

"டேய், அவரு மூஞ்சியப் பாரு. கழட்டி விடுடா," என்றாள் ரோகிணி, சிரிப்பை முந்தானையில் அடக்கிக்கொண்டு.

"இருக்கா, ஜிப்பு மாட்டிக்கிச்சு. இதத்தான் நான் சொல்றது. இது இங்க மாட்டுனதால தெரிஞ்சுது. அங்க மாட்டியிருந்தா? நான் போன வாரமே ஐஸ் கம்பெனில போயி கால் மணி நேரம் உக்காந்து பாத்துட்டேன். உள்ள இருந்தவன் கிறுக்குப் பயன்னு நெனச்சுட்டான்."

செல்வக்குமார் குல்லாவுக்குள்ளிருந்து அவனைப் பார்த்தார். போன வாரமே. ரோகிணி இன்றைக்கு மத்தியானம்தான் சொன்னாள். இவன் போன வாரமே ஐஸில் உட்கார்ந்திருக்கிறான்.

அன்று ராத்திரி அவருக்குப் புத்தகம் ஓடவில்லை. கண்ணை மூடினால் ஏழாம் நாள் வந்தது. படகு நிற்கிறது. எஞ்சினை அணைக்கிறார்கள். பனி மலைகள், அசையாத தண்ணீர், வாய் மூடிய எட்டு வெள்ளைக்காரர்கள். அப்போது ஜெயபாண்டி சொல்கிறான்: "மச்சான், இந்த எடத்துல ரெண்டு குழாய் கட்டுனா அந்தக் கரை வரைக்கும் கேக்கும்!" எதிரொலி மலைக்கு மலை போய்விட்டுத் திரும்பி வருகிறது. கரடி ஓடுகிறது.

வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட முடியாது. மச்சினனை வேண்டாம் என்று சொன்னால் அது மச்சினனோடு நிற்காது. முதல் பேத்திக்குக் காதுகுத்து வரும் வரை பேசிக்கொண்டிருப்பார்கள். அவனே பின்வாங்க வேண்டும். சனிக்கிழமை காலை காப்பி ஆறிக்கொண்டிருக்கும்போது அவருக்கு வழி தெரிந்தது. அவன் ஆயுதத்தையே எடுத்தால் என்ன?

அவரே போன் போட்டார். இது வீட்டில் ஒரு சம்பவம். ரோகிணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டாள்.

"மாப்ள, ஏழாம் நாளு இருபது நிமிஷம் யாரும் பேசக் கூடாது. அது தெரியும்ல?"

"அக்கா சொல்லுச்சு."

"அத டெஸ்ட் பண்ண வேணாமா?"

"அட ஆமாய்யா," என்றது அந்தப் பக்கத்துக் குரல், ஒரு தொழில்காரனின் மரியாதையோடு. "எங்க வச்சுக்குவோம்?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கீழக்குயில்குடியில் வைத்துக்கொண்டார்கள். சமணர் மலை. பூட்ஸைக் கொஞ்சம் நடந்து பழக்கிக்கொண்டு வரச் சொல்லிப் பயணக் குறிப்பில் போட்டிருந்ததால் இரண்டு பேருமே பூட்ஸ் மாட்டியிருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டி, கீழே பாதிக் கெண்டைக்கால் வரை ஏறிய பூட்ஸோடு ஜெயபாண்டி தாமரைக் குளத்தைத் தாண்டி வருவதைப் பார்த்து, காலை நடைக்கு வந்த இரண்டு பெண்கள் நின்றே விட்டார்கள்.

"என்னம்மா பாக்குறீங்க? வடதுருவம் போறோம்," என்றான். "இந்த வழிதான?"

படியை விட்டு விலகி, காய்ந்த புல்லுக்குள் குறுக்கே ஏறினார்கள். மேலே குகை நிழலில் பாறையைச் செதுக்கின படுக்கைகள் வரிசையாக இருந்தன. எத்தனையோ நூறு வருடத்துக்கு முன்னால் சமண முனிவர்கள் பேசாமல் கிடந்த இடம். ஜெயபாண்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து கையால் தட்டிப் பார்த்தான்.

"இதுல படுத்தா எவன் பேசுவான்? முதுகு வலியில வாயே தெறக்காது."

"பேசுறதெல்லாம் இப்பவே பேசிரு," என்றார் செல்வக்குமார். "மணி வச்சதும் இருபது நிமிஷம். யாரு வாயத் தெறந்தாலும் தோத்தாச்சு. நீ தெறந்துட்டீன்னா, நீயே உங்க அக்காகிட்ட வரலன்னு சொல்லிரணும்."

"தெறக்கலன்னா?"

"நானே தமிழ்வாணிக்கு உம் பேரக் குடுக்குறேன்."

"நீங்க தெறந்துட்டா?"

செல்வக்குமார் சிரித்தார். அவர் சிரிப்பதே அபூர்வம். "மணிய வையி, மாப்ள."

ஜெயபாண்டி போனில் இருபது நிமிடம் வைத்தான். தொண்டையைச் செருமினான். "ஹலோ, டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ," என்றான் மெதுவாக. வாயை மூடிக்கொண்டான்.

முதல் ஐந்து நிமிடம் செல்வக்குமார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பால் பொங்கக் காத்திருப்பவர் மாதிரி. ஒரு குரங்கு வந்து ஜெயபாண்டியின் சட்டைப் பையைச் சோதித்துவிட்டுப் போனது. அவன் அசையவில்லை. தூரத்தில் மதுரை புகை போலத் தெரிந்தது. ஒரு விமானம் இறங்கியது. 'அந்தா பாருங்க மச்சான்' என்று சொல்ல அவன் விரல் எழுந்தது. பிறகு அதுவே தாழ்ந்துவிட்டது.

ஏழாவது நிமிடத்தில் செல்வக்குமாருக்கு யோகம் அடித்தது. கீழே கோயிலில் ஏதோ காதுகுத்து போலிருக்கிறது. யாரோ ஒரு மைக் செட்டுக்காரன் பாட்டுப் போட்டான். போட்டதே தப்பு. பாட்டுக்குள்ளேயே ஒரு இரைச்சல் கரகரவென்று ஓடியது. நடுநடுவே மைக் கீச்சிட்டது. ஜெயபாண்டியின் முகம் சுருங்கியது. முழங்கால் மேல் இருந்த அவன் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, இல்லாத ஒரு திருகை மெல்ல இடப்பக்கமாகத் திருகின. குறைடா, குறைடா என்று விரல் கெஞ்சியது. பத்தாவது நிமிடத்தில் இரண்டு கையாலும் திருகினான். வாய் மட்டும் திறக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

இதோ இப்போது, என்று காத்திருந்தார் செல்வக்குமார். பதினாலாவது நிமிடம் மைக் ஒரே கீச்சலாக இழுத்தது. நிற்கவே இல்லை. குரங்குகள் மரம் மாறின. செல்வக்குமாரே காதைப் பொத்திக்கொண்டார். ஒரு நிமிடம் போல அது பல்லைக் கூசவைத்தது. யாரோ வயரைப் பிடுங்கியிருக்க வேண்டும். சட்டென்று எல்லாம் நின்றது.

அப்படி ஒரு அமைதி. இலை விழுந்தால் கேட்கும். ஜெயபாண்டியின் விரல்கள் நின்றுவிட்டன. கண்ணை மூடியிருந்தான். சுருங்கியிருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. கடைசி விருந்தாளியும் சாப்பிட்டு எழுந்த பிறகு கல்யாண வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்வாரே, அந்த மாதிரி இருந்தது.

செல்வக்குமாரும் கண்ணை மூடினார். இந்த மாதிரி ஒன்றுக்காகத்தானே அவர் மூணு மாதமாகப் பெட்டி கட்டுகிறார். மூச்சை இழுத்து விட்டார். கை தானாக மடியில் எதையோ தேடியது. புத்தகம் இல்லை. யோசித்துப் பார்த்தால், புத்தகம் இல்லாமல் அவர் இப்படி உட்கார்ந்து முப்பது வருடம் இருக்கும். பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டார். பாறை குளிர்ச்சியாக இருந்தது. வாந்தி மாத்திரை வெளிப்பையில் இருக்கிறது. பாஸ்போர்ட் நகல் இரண்டு, ஒன்று உள்ளே, ஒன்று கையில். சார்ஜர் முள் அந்த ஊருக்கு வேறு மாதிரி, வாங்கியாயிற்று. இரண்டாவது கண்ணாடி. இரண்டாவது கண்ணாடி எங்கே? கோட்டைப் போட்டுப் பார்க்கும்போது எடுத்து வெளியே வைத்தார். டி.வி. மேலே? முத்துத்தாய் துடைக்கும்போது எடுத்தாளே. முதல் கண்ணாடி படகில் தண்ணீருக்குள் விழுந்துவிட்டால் பனிமலையும் கரடியும் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும்.

"மாப்ள, என் ரெண்டாவது கண்ணாடிய பெட்டிக்குள்ள வச்சனா?"

சொன்ன பிறகுதான் சொன்னது தன் குரல் என்று அவருக்குத் தெரிந்தது.

ஜெயபாண்டி கண்ணைத் திறந்தான். போனை எடுத்துப் பார்த்தான். பதினேழாவது நிமிடம். அவன் கத்தவில்லை. குதிக்கவில்லை. ஜெயித்த மச்சினன் செய்ய வேண்டிய எதையும் செய்யவில்லை. மச்சானை ஒரு மாதிரி பார்த்தான்.

"போயிருச்சு மச்சான்," என்றான்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல." பிறகு அவனுக்கே பழக்கமில்லாத சின்னக் குரலில் சொன்னான். "எங் காதுக்குள்ள ஒரு விசில் கெடக்கு. மூணு வருஷமா. முப்பத்தஞ்சு வருஷம் குழாய்க்கு அடியில நின்னதுக்குக் கூலி. டாக்டரு போகாதுன்னுட்டாரு. ராத்திரி பகல்னு இல்ல, கீனு அடிச்சுக்கிட்டே இருக்கும். வெளிய சத்தம் இருந்தா அது கேக்காது. அதான் எப்பவும் டி.வி.யப் போட்டு வப்பேன், பாட்டப் போட்டு வப்பேன். இல்லாட்டி நானே பேசிக்கிட்டு இருப்பேன்."

செல்வக்குமார் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"இப்ப அந்தப் பய மைக்கு கத்துச்சுல்ல. அது நின்னதும் எனக்குள்ள இருந்ததும் நின்னு போச்சு மச்சான். சத்தியமா. மூணு வருஷத்துல இன்னைக்குத்தான். எம்புட்டு நேரம் நிக்குதுன்னு எண்ணிக்கிட்டே வந்தேன். அறுபத்திரண்டு வரைக்கும் எண்ணிட்டேன்." லேசாகச் சிரித்தான். "நீங்க கண்ணாடியக் கேட்டுட்டீங்க."

காற்று அடித்தது. மன்னிப்புக் கேட்பதற்குச் செல்வக்குமாரின் பதினாலு வகையிலும் ஒரு 'ம்' இல்லை. அவர் தன் பூட்ஸைப் பார்த்தார். பிறகு மணியைப் பார்த்தார்.

"இன்னும் மூணு நிமிஷம் இருக்கு," என்றார். "உக்காந்து பாப்பமா?"

"வந்துருச்சு, மச்சான். அது வந்துருச்சு. பரவால்ல, உக்காருவோம்."

உட்கார்ந்தார்கள். மணி அடித்த பிறகும் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

வீட்டு வாசலில் ரோகிணி காத்திருந்தாள். இரண்டு முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"யாரு பேசுனது?"

ஜெயபாண்டி மச்சானைக் கை காட்டினான்.

"இவரா?"

"கண்ணாடியக் காணமாம்."

ரோகிணி வாசல்படியில் உட்கார்ந்து சிரித்தாள். நிறுத்துவாள் என்று பார்த்தால் மறுபடி ஆரம்பித்தாள். "கல்யாணமாயி முப்பத்துமூணு வருஷம். நான் என்னென்னமோ கேட்டுருக்கேன், ஒரு வார்த்த வராது. கல்லுப் படுக்கைல போயி உக்காந்து கண்ணாடியக் கேட்டாராம்ல! அது ஃபிரிட்ஜு மேல இருக்குங்க!"

ஜெயபாண்டி முகம் கழுவப் பின்பக்கம் போனதும் செல்வக்குமார் மெதுவாகக் கேட்டார். "அவன் காது விஷயம் உனக்குத் தெரியுமா?"

சிரிப்பு நின்றது. "தெரியும்."

"எங்கிட்ட சொல்லலியே."

"நீங்க அவன்கிட்ட ஒரு நாளாச்சும், ஏன்டா இம்புட்டு சத்தமா பேசுறன்னு கேட்டுருக்கீங்களா? மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் புஸ்தகத்த எடுத்துருவீங்க." அவள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "அப்பறம் எனக்கும் ஒரு ஆசை இருக்குல்ல. பத்து நாளு இந்த வீட்ல சத்தமா இருக்கணும். டி.வி.ய நல்லா வச்சுக் கேக்கணும். நம்ம தெரு ஒச்சம்மாள் அக்கா, பாண்டிமீனா எல்லாத்தையும் வரச் சொல்லி விடிய விடியப் பேசணும். நீங்க இருந்தா நடக்குமா?"

அவர் அவளைப் பார்த்தார். "ம்," என்றார். பதினஞ்சாவது வகை போலிருக்கிறது, அவளுக்கு உடனே பிடிபடவில்லை.

மத்தியானம் அவரே தமிழ்வாணியைக் கூப்பிட்டார். பெயரைச் சொன்னார். ஜெயபாண்டி. பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக் கூட்டிச் சொன்னார்.

"அப்பா, நிஜமாவா? மாமாவா? அப்ப அந்த ஏழாம் நாளு?"

"அதத்தான் கேக்கணும்னு இருந்தேன். அந்த ரப்பர் படகு எஞ்சினு எப்பிடி? சத்தம் வருமா?"

"சின்னப் படகுப்பா. பயங்கரமா கத்தும். பக்கத்துல பேசுறதே கேக்காது. ஆனா கவலப்படாதீங்க, அங்க போனதும் அணைச்சிருவாங்க."

"நல்லாக் கத்துமா?"

"கத்தும்ப்பா. ஏன்?"

"அணைக்கிறதுன்னா எப்பிடி, கொஞ்சங் கொஞ்சமா அணைப்பாங்களா, சட்டுனு அணைப்பாங்களா?"

மறுமுனையில் தமிழ்வாணி சற்றுத் திகைத்துப் போனாள். அப்பா ஒரே மூச்சில் இத்தனை கேள்வி கேட்டு அவள் பார்த்ததில்லை. "சட்டுனுதான்ப்பா. எஞ்சின்ல போயி கொஞ்சங் கொஞ்சமா என்ன இருக்கு?"

"நல்லது," என்றார் செல்வக்குமார். "எஞ்சினுக்குப் பக்கத்துலயே எங்க ரெண்டு பேருக்கும் எடம் கெடைக்குமான்னு கேட்டு வையி."

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். கூடத்தில், பெட்டிக்குப் பக்கத்தில், ஜெயபாண்டி நாலு பூட்ஸையும் கவிழ்த்து வைத்திருந்தான். பயணக் குறிப்பின் எட்டாவது பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததைச் செல்வக்குமார் மலை ஏறுவதற்கு முன்னால் நினைத்துப் பார்க்கவில்லை. அந்தத் தீவில் வெளி மண் ஒரு பொட்டு வரக் கூடாது, ஒரு விதை வரக் கூடாது. கப்பலிலேயே பூட்ஸை வாங்கிப் பார்ப்பார்கள். சமணர் மலைக் காட்டுப்புல் பூராவும் காலுறையில் ஒட்டியிருந்தது. உள்ளங்கால் பள்ளங்களில் நெருஞ்சி முள் வரிசையாக ஏறி உட்கார்ந்திருந்தது.

"நம்மூரு நெருஞ்சி அந்த ஐஸுல போயி மொளைச்சிருமாக்கும்," என்றான் ஜெயபாண்டி.

"மொளைச்சாலும் மொளைக்கும். நம்மூருது," என்றார் செல்வக்குமார்.

அலமாரியிலிருந்து முள்வாங்கி எடுத்து வந்தார். பெட்டியின் அடியிலிருந்து மூன்று புத்தகத்தை எடுத்து அலமாரியில் வைத்தார். காலியான இடத்தில் மோர்மிளகாய்ப் பொட்டலத்தைச் செருகினார். பிறகு தரையில் உட்கார்ந்து ஒரு பூட்ஸை மடியில் கவிழ்த்துக்கொண்டார். இரண்டாவது கண்ணாடி மூக்கில் இருந்தது.

ஒவ்வொரு முள்ளாக எடுத்து ஒரு தட்டில் போட்டார்கள். தட்டில் விழும்போது டிக் என்றது. ஜெயபாண்டி பேசவில்லை. அந்த அமைதி அவன் காதுக்குள் எப்படி இருக்கும் என்று செல்வக்குமாருக்கு இப்போது தெரியும். கொஞ்ச நேரம் பார்த்தார். கையை நீட்டி ரிமோட்டை எடுத்தார். டி.வி.யைப் போட்டு, சத்தத்தை நாலு கட்டை ஏற்றினார்.

அடுப்படியிலிருந்து ரோகிணி ஓடி வந்தாள்.

"ஏங்க, யாரு டி.வி.ய இம்புட்டு சத்தமா வச்சது?"

இரண்டு பேரும் தலை நிமிரவில்லை. டிக், என்று இன்னொரு நெருஞ்சி தட்டில் விழுந்தது.